கட்டின பழம் வேண்டாம் என்றவளுக்கு

கரடியூர்,
ஜனவரி 27

என் நஜ்லா கண்ணுக்கு,

கரடியூரிலிருந்து மாதம்மாள் எழுதுவது. நான், என் வீட்டுக்காரர் அங்கப்பன், மகள் சிவசக்தி மூவரும் சுகம். குவைத்தில் நீயும் உன் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும் என்று சேர்வராயன் சாமியை வேண்டிக்கொள்கிறேன். நலம் விசாரித்தாகிவிட்டது. இனி திட்டப்போகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். போனில் நீ குறுக்கே புகுந்து பேசுவாய், இல்லாவிட்டால் அழுவாய். நீ அழுதால் எனக்குச் சொல்ல வந்ததெல்லாம் மறந்துபோகும். என் சமையல்கட்டு அரபியில் உப்பு, அரிசி, காய்ச்சல், கதவைச் சாத்து, இவ்வளவுதான் சொல்ல முடியும். இந்த விஷயத்துக்கு அது பற்றாது. அதனால் தமிழில் எழுதுகிறேன். சிவசக்தி தாளைப் படம் பிடித்து, அங்கே உன்னோடு வேலை செய்கிற புஷ்பலதாவுக்கு அனுப்புவாள். படத்தில் நான் பேசியதை அரபியில் மாற்றினவள் அவள்தானே, இதையும் அவளே உனக்கு வாசித்துச் சொல்லட்டும்.

புஷ்பலதா கண்ணு, உனக்கு ஒரு வார்த்தை. நீ சேலத்துப் பொண்ணு, நல்ல மனசுக்காரி, யாரும் நோகக் கூடாது என்று நினைக்கிறவள். அந்த நல்ல மனசை இந்தக் கடிதத்தில் காட்டாதே. நான் திட்டியிருந்தால் திட்டாகவே சொல். ஒரு வரியையும் விடாதே. வெட்டுகிற வேலைக்கு அங்கே ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ போனில் சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார். உன் புதுப் படத்தைத் தியேட்டர்களுக்கு வாங்க வந்த கம்பெனிக்காரர்களுக்குப் படம் பிடித்திருக்கிறதாம். நான் பேசுகிற இடம் மட்டும் வேண்டாமாம். உங்கள் வீட்டில் நான் வேலை செய்த காலத்தில் உன் அம்மா என் பாஸ்போர்ட்டை அலமாரியில் வைத்துப் பூட்டியதையும், என் அப்பா செத்ததற்கு நான் வர முடியாமல் போனதையும், எங்கள் காபித் தோட்டத்து மேட்டில் உட்கார்ந்து நான் சொல்கிற இடம். அதை எடுத்துவிட்டால் உங்கள் பக்கத்து நாடுகள் எல்லாவற்றிலும் படம் ஓடும். எடுக்காவிட்டால் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். உன் அண்ணனும் குடும்ப மானம் என்கிறார். நீ என்ன செய்தாய் என்றால், “பேசினவள் நீ, நீயே சொல். வெட்டச் சொன்னால் வெட்டுகிறேன், வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன்” என்று பாரத்தைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டாய்.

வெட்டாதே. இதுதான் என் பதில்.

இவ்வளவோடு முடித்துவிடலாம். ஆனால் எனக்குக் கோபம் மிச்சம் இருக்கிறது. இப்படி ஒரு கேள்வியை என்னிடம் கேட்க உனக்கு எப்படி மனசு வந்தது? உன் கதை உனக்கே மறந்துபோய்விட்டதா? மறந்திருந்தால் நான் சொல்கிறேன், கேள்.

நான் உங்கள் வீட்டுக்கு வந்தபோது நீ காலேஜில் படித்துக்கொண்டிருந்தாய். உங்கள் ஊர்க் கல்யாணத்தில் பெண்களுக்குத் தனி மண்டபம். உள்ளே ஆம்பளை வரக் கூடாது, போனைக்கூட வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் வீடியோ எடுக்கவும் பெண்தான் வேண்டும். அந்த வேலையை நீ பிடித்தாய். நம் வீட்டுப் பெண் கூலிக்கு வீடியோ எடுப்பதா என்று உன் அண்ணன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். கேமரா வாங்கிக் கொடுத்தது உன் அப்பாதான் என்று உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். கேமரா உன் தோளில், விளக்கு என் கையில். மாதம்மாள் என்ற பெயர் உங்கள் வாயில் நுழையாமல் நான் மாதா ஆகிவிட்டேன். “கையை ஆட்டாதே மாதா, வெளிச்சம் ஆடுது” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாய். இந்த மலையில் பிறந்தவள், ஏலச்சாக்கும் மிளகுக்கூடையும் சுமந்தவள், அந்தச் சின்ன விளக்கைத் தூக்க எனக்குக் கை வலிக்குமா? பயம். அவ்வளவு நகையையும் அவ்வளவு அத்தரையும் ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை.

அந்த மண்டபத்தில் காபி ஊற்றிக்கொண்டு நின்ற பெண்களை நீ எடுத்தாய். எல்லோரும் சாப்பிட்ட பிறகு அவர்கள் ஓரத்தில் நின்று சாப்பிடுவதையும் எடுத்தாய். மணப்பெண்ணின் அம்மா அதைப் பார்த்துவிட்டு, “எங்கள் பணத்துக்கு வேலைக்காரிகள் முகமா?” என்று கத்தினாள். நீ சரி என்று தலையாட்டி அவர்களுக்குக் கொடுத்த வீடியோவில் அதையெல்லாம் வெட்டினாய். வெட்டியதை எறிந்தாயா? இல்லையே. ஒவ்வொரு கல்யாணத்திலும் வெட்டிய துண்டுகளைச் சேர்த்து வைத்தாய். பிறகு அந்தப் பெண்களை ஒவ்வொருத்தியாகத் தேடிப் போய்ச் சம்மதம் கேட்டாய், நானும் கூட வந்தேன். அந்தத் துண்டுகள்தானே உன் முதல் படம்? அதற்குத்தானே வெளிநாட்டில் பரிசு கொடுத்து, உன் பெயரை முதன்முதலாகப் பேப்பரில் போட்டார்கள்? வேண்டாம் என்று வெட்டிப்போட்ட வேலைக்காரிகளின் முகத்தில் ஆரம்பித்த பிழைப்பு உன்னுடையது. அதை மறந்துவிட்டு என்னிடம் வந்து வெட்டட்டுமா என்று கேட்கிறாய்.

இரண்டாவது படத்தை நினைத்துப் பார். புருஷனை விட்டு வந்த ஒருத்தி குடியிருக்க வாடகை வீடு தேடி அலைகிற படம். தியேட்டரில் போட்ட நாலாம் நாளே தூக்கிவிட்டார்கள். நீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். நான் சோற்றுத்தட்டோடு வெளியே நின்றேன். சாயங்காலம் நீ வெளியே வந்து என்ன சொன்னாய்? “மாதா, கல்யாண மண்டபம் எப்போது காலியாக இருக்கும் என்று கேட்டு வா.” ஆம்பளை வர முடியாத மண்டபத்தில் ஆம்பளைகள் தடுத்த படத்தை ஓட்டினாய். பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வாசலில் போனை வாங்கி வைத்தவள் நான். படம் முடிந்ததும் யாரும் எழுந்து போகவில்லை, ஒருத்தர் மாற்றி ஒருத்தர் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் பேசிக்கொண்டே இருந்தார்கள். உன்னை நான் டைரக்டர் என்று நம்பியது அன்றைக்குத்தான். அதுவரைக்கும் பணக்கார வீட்டுப் பெண்ணின் பொழுதுபோக்கு என்றே நினைத்திருந்தேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

அதற்கு அடுத்த வருஷம் என் அப்பா செத்துப்போனார். நோன்பு மாதம், வீடு நிறைய விருந்தாளிகள். பெருநாள் முடியட்டும், அனுப்புகிறேன் என்றார் உன் அம்மா. பாஸ்போர்ட் அவர் அலமாரியில், சாவி அவர் கைப்பையில். எங்கள் பக்கம் பிணத்தைப் பெருநாள் வரைக்கும் போட்டு வைப்பார்களா? இங்கே புதைத்துவிட்டார்கள். நான் அங்கே சமோசா மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம், உன் அம்மா தூங்கும்போது, நீ சாவியை எடுத்தாய். பாஸ்போர்ட்டை என் கையில் வைத்து, நீயே கார் ஓட்டி ஏர்போர்ட்டில் விட்டாய். அன்றைக்கு நீ கேமராவை எடுத்து வரவில்லை. வீட்டுக்குத் திரும்பிப் போனபோது உனக்கு என்ன கிடைத்தது என்று இன்றுவரை என்னிடம் சொன்னதும் இல்லை.

அதன் பிறகு உன் பெருமையை நான் சிவசக்தியின் போனில்தான் பார்த்தேன். முத்துக் குளிக்கக் கடலுக்குப் போனவர்களின் பெண்டாட்டிகளைப் பற்றிய படம். பிரான்ஸ் நாட்டில் பெரிய பரிசு. மேடையில் நின்று நீ பேசியதில், “என் முதல் விளக்கைப் பிடித்தவள் இந்தியாவில் ஒரு மலையில் இருக்கிறாள்” என்றது மட்டும் யாரும் சொல்லாமலே எனக்குப் புரிந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை. அங்கப்பன் வந்து அடுப்பை அணைத்தார்.

முந்தின வருஷம் மார்கழியில் நீ இங்கே வந்ததைக் கரடியூர் இன்னும் பேசுகிறது. குப்பனூர் வழியாக மலை ஏறும்போதே வாந்தி எடுத்துக்கொண்டு வந்த ஆள், வந்த மறுநாளே தோட்டத்தில் நின்றாய். எப்போதும் செய்வதுபோலச் செய்யுங்கள், கேமராவைப் பார்க்காதீர்கள் என்றாய். நாங்களும் அப்படியே செய்தோம். உன் ஆட்கள் கேமராவை நிறுத்தி, உயரம் பார்த்து, வெளிச்சம் பார்த்து முடிப்பதற்குள் நாங்கள் அந்த வரிசைப் பழத்தையெல்லாம் பறித்துவிட்டுக் கீழ்ப்படிக்கு இறங்கிவிட்டோம். திரும்ப ஒரு தடவை பறிக்கச் சொன்னாய். தோட்டத்துக் கணக்கு எழுதுகிற ரைட்டர் ராஜேந்திரன் தலையைச் சொறிந்துகொண்டு, “ஏனுங்க, பறிச்ச பழத்த மறுக்கா எப்படிங்க பறிக்கிறது?” என்று கேட்டார். அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவள் வெறுங்கையோடு போகக் கூடாது என்று, நாங்கள் பெண்கள் கூடிப் பேசி, நூல் கொண்டுவந்து பழத்தைக் கொத்துக் கொத்தாகச் செடியில் கட்டிவிட்டோம். பூக் கட்டத் தெரிந்த கைகள், நன்றாகத்தான் கட்டினோம். நீ கிட்டே வந்து பார்த்துவிட்டுச் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாய். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கட்டின பழத்தை நான் எடுக்க மாட்டேன்” என்றாய். அடுத்த பழம் சிவக்கும் வரைக்கும், கூட வந்தவர்கள் முணுமுணுக்க முணுமுணுக்க, காட்டெருமைக்கும் குளிருக்கும் பயந்துகொண்டு காத்திருந்தாய்.

இல்லாத பழத்தை இருப்பதாகக் காட்ட மாட்டேன் என்றவள், இருக்கிற பழத்தை இல்லை என்று காட்டப்போகிறாயா? உரலில் தலையைக் கொடுத்துவிட்டு உலக்கைக்குப் பயந்தால் ஆகுமா?

இங்கே ஒரு சேதி. சிவசக்தியைத் தலைச்சோலையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன் பெயர் மாதேஷ், சொந்தமாக ஜீப் வைத்து ஓட்டுகிறான், நல்லவனாகத்தான் தெரிகிறான். பையனின் அப்பா சித்தன் காபியைக் குடித்துவிட்டு, படத்தில் நீ என்னம்மா பேசினாய் என்று மெல்லக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தவர் அப்புறம் எடுக்கவில்லை. பார்ப்போம். இதை நான் எழுதுவது நீ கவலைப்படுவதற்காக இல்லை, எனக்கும் இழக்க இருக்கிறது என்று நீ தெரிந்துகொள்வதற்காக.

உன் அம்மாவுக்கு என் வணக்கம். சர்க்கரை மாத்திரையை ஒளித்து வைத்துவிட்டு விழுங்கிவிட்டேன் என்பார், தலையணைக்கு அடியில் பார்.

இப்படிக்கு,
உன் விளக்குக்காரி
மாதம்மாள்

•

கரடியூர்,
மார்ச் 16

நஜ்லா கண்ணுக்கு,

உன் பதிலைப் புஷ்பலதா போனில் வாசித்துக் காட்டினாள். அதில் பாதி பால், பாதி மோர்.

முதலில் பால். வெட்ட மாட்டேன் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாய். சந்தோஷம். அன்றைக்கு இங்கே நல்ல மழையும் பெய்தது. காபி பூத்து மலை முழுக்க வாசமாகக் கிடக்கிறது, நீ அதைப் பார்க்கவில்லையே என்று எனக்கு ஆற்றாமை. மார்கழியில் வந்தவளுக்குப் பழம்தான் கிடைக்கும்.

இனி மோர். வெட்டாவிட்டால் முகத்தையாவது மறைத்துவிடுங்கள் என்று அவர்கள் இறங்கி வந்திருக்கிறார்கள். புகை மூடியதுபோல என் முகத்தைக் கலைத்துவிடுவார்களாம். என் குரலுக்குப் பதிலாகச் சென்னையில் ஒரு நடிகையை வைத்து நல்ல தமிழில் பேசவைப்பார்களாம். மாதாவுக்கும் அது பாதுகாப்பு என்கிறார்களாம். நீயும், இதை யோசிக்கலாமா என்று கேட்டிருக்கிறாய்.

எங்கள் டிவியில் திருடனைப் பிடித்துப் போகும்போதுதான் முகத்தை அப்படி மறைப்பார்கள். நான் என்ன திருடினேன், கண்ணு? என் அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க விடவில்லை என்று சொல்ல எனக்கு முகம் வேண்டாமா? அந்த நடிகை நன்றாகத்தான் பேசுவாள். நான் ஊடு என்று சொன்ன இடத்திலெல்லாம் அழகாக வீடு என்பாள். ஆனால் ஊட்டுக்குப் போக முடியாமல் தவித்தவள் நான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதையாக இருக்கிறது.

வேடிக்கையைக் கேள். இதே வாரம் தலைச்சோலையிலிருந்தும் ஆள் வந்தது. கல்யாணத்துக்குச் சம்மதம்தானாம். சம்பந்தியம்மாள் முகம் ஊர் உலகமெல்லாம் சினிமாவில் தெரிய வேண்டாம், முகத்தை மறைக்கச் சொல்லிவிடட்டும், அது போதுமாம். அங்கே கோட்டு போட்டவனும் இங்கே வேட்டி கட்டியவனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததில்லை. பேசி வைத்ததுபோல ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அங்கப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நான் அங்கே இருந்த வருஷமெல்லாம் சிவசக்திக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவர் அவர். “மூஞ்சிய மறச்சா என்ன புள்ள கொறஞ்சு போயிருவ? புள்ளையோட வாழ்க்கைய நெனச்சுப் பாரு” என்றார். நான் முடியாது என்றேன். மறுநாள் காலையில் ஒன்றும் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு சேர்வராயன் கோயிலுக்குப் போய்விட்டார்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. முடிவு தெரியாத விஷயத்தைச் சாமியிடம் பூப்போட்டுக் கேட்போம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் போட வேண்டும். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. அங்கப்பன் போய், “எம் பொண்டாட்டி மூஞ்சிய மறைக்கச் சொல்லலாமா சாமி” என்று கேட்டிருக்கிறார். சிவப்பு வந்திருக்கிறது. மனசு கேட்காமல் இன்னொரு தடவை போடச் சொல்லியிருக்கிறார். மறுபடியும் சிவப்பு. மூன்றாவது தடவை கேட்டபோது பூசாரி, “ஏனுங்க அங்கப்பா, சாமி சொன்னதக் கேக்க வந்தீங்களா, உங்களுக்குப் புடிச்சதக் கேக்க வந்தீங்களா?” என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தவர் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, மிளகுக் கொடிக்கு மண் அணைக்கப் போய்விட்டார். எனக்கு விஷயம் ரேஷன் கடையில் பூசாரியின் பெண்டாட்டி சொல்லித்தான் தெரியும். சோறு போடும்போது கேட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே, “ரெண்டு வாட்டியும் செவப்புதான் புள்ள” என்றார். வெள்ளை வந்திருந்தாலும் நான் மறைத்திருக்க மாட்டேன் என்றேன். “அது எனக்குத் தெரியாதா? நாஞ் சொல்லித்தான் கேக்கல, சாமி சொன்னாலாவது கேப்பியான்னு போனேன். அதுவும் உன் கட்சிக்குப் போயிருச்சு” என்றார். பிறகு அவரே சிரித்துவிட்டார். குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். அவ்வளவுதான், அவர் பயம் அடங்கிவிட்டது.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சாமி சொன்னதால் நான் இந்த முடிவுக்கு வரவில்லை. தெரியாததைத்தான் சாமியிடம் கேட்க வேண்டும். எனக்கு நடந்தது எனக்குத் தெரியும். அதை யாரிடம் கேட்க?

சிவசக்தியிடம்தான் எனக்குப் பயம் இருந்தது. ஓட்டல் ரிசப்ஷனில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவள், அவள் வாழ்க்கை. அவளை உட்காரவைத்து, உனக்கு எது வேண்டுமோ அதைச் சொல் சாமி, உனக்காக வேண்டுமானால் நான் யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கிறேன் என்றுதான் சொன்னேன், மறைக்கிறேன் என்று சொல்லவில்லை. அவள், “நீ அங்க இருந்தப்ப உன் மூஞ்சியே எனக்கு மறந்து போச்சும்மா. போட்டோவப் பாத்துத்தான் நெனவு வச்சுக்குவேன். இப்ப யாரோ சொன்னாங்கன்னு அத மறைப்பியா?” என்றாள். எழுந்து போய்த் துணி மடித்தாள். நான் அழுதேன், நஜ்லா. அவள் பார்க்காதபோது அழுதேன். பெற்ற பிள்ளைக்கு முகம் மறந்துபோகிற அளவுக்கு வேலை செய்தவளின் முகம் அது. உன் கம்பெனிக்காரனிடம் இதையும் சொல்.

தலைச்சோலைக்கு நாங்கள் முடியாது என்று சொல்லியனுப்பிவிட்டோம். சித்தன் பதில் அனுப்பவில்லை. மாதேஷ் மட்டும் சிவசக்திக்குப் போன் செய்கிறானாம். அப்பனை மீறி வருகிற தைரியம் அவனுக்கு இருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லாவிட்டால் ஜீப் ஓட்டுகிறவன் உலகத்தில் அவன் ஒருத்தன்தானா?

அவர்கள் படத்தை வாங்காவிட்டால் போகட்டும். தியேட்டரை மூடினபோது மண்டபத்தைத் திறந்தவள் நீ. அந்த மண்டபம் இன்னும் அங்கேதானே இருக்கிறது? வாசலில் நிற்க நான் இல்லை, அவ்வளவுதான். இன்னொரு இடமும் இருக்கிறது. பழம் காயவைக்கிற எங்கள் களம் இப்போது காலி. சித்திரையில் கோயில் திருவிழாவுக்கு மலைக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். வெள்ளை வேட்டி நாலைச் சேர்த்துத் தைத்துக் கட்டிவிடுகிறேன். படத்தைக் கொண்டு வா. உலகத்திலேயே முதலில் கரடியூரில் போட்டதாக இருக்கட்டும். பரிசு கொடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை, மிளகு தருகிறோம்.

இப்போது உன் அம்மா. உன் பதிலில் நீ அவரைப் பற்றி எழுதவே இல்லை, அதனாலேயே எனக்குத் தெரிகிறது. அவர் மனசு உடைந்துபோகும் என்றுதானே நீ உள்ளுக்குள் தடுமாறுகிறாய்? கம்பெனியையோ அண்ணனையோ எதிர்த்து நிற்க உனக்கு நான் எதற்கு? அம்மாவை எதிர்த்து நிற்கத்தான் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வேண்டும் உனக்கு.

நான் அந்த மேட்டில் உட்கார்ந்து பேசியதை முழுசாகக் கேட்டாயா? பூட்டியதை மட்டுமா சொன்னேன்? எனக்குக் காய்ச்சல் வந்து நினைவில்லாமல் கிடந்தபோது, உன் அம்மா என் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நெற்றியில் ஈரத்துணி போட்டு, கரண்டியால் கஞ்சி ஊட்டியதையும் சொன்னேன். அதே கைதான் பூட்டியது, அதே கைதான் ஊட்டியது. இரண்டையும் சொன்னேன், அதைச் சொன்ன முகத்தைத்தான் அவர்கள் மறைக்கப் பார்க்கிறார்கள். மறைத்தால் அவர் வெறும் பூட்டினவளாகத்தான் நிற்பார். என் முகத்தைப் பார்த்தால்தான் ஜனங்களுக்குத் தெரியும், அவர்மேல் எனக்கு இருப்பது கோபம் மட்டும் இல்லை என்று. அது என்னவென்று எனக்கே பெயர் வைக்கத் தெரியவில்லை.

வேலைக்காரர்கள் வீட்டம்மாவை மாமா என்கிற உங்கள் வழக்கப்படி அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஊருக்குப் போன் செய்யும்போதெல்லாம் மாமா திட்டினார், மாமா கொடுத்தார் என்று நான் சொல்ல, அங்கப்பனுக்கு யார் அந்த மாமா என்று ரொம்ப நாள் சந்தேகம். அந்த மாமாவை வெளி ஆட்கள் பார்ப்பதற்கு முன்னால் நீயே உட்காரவைத்துப் படத்தைக் காட்டு. கையைப் பிடித்துக்கொள். திட்டினால் திட்டட்டும். எழுந்து போனால் பின்னாலேயே போகாதே, கொஞ்ச நேரம் விடு.

ஒரு வேலை செய்வாயா, கண்ணு? உன் அம்மாவின் பாஸ்போர்ட் இப்போது யாரிடம் இருக்கிறது? உன் அண்ணனிடம்தான் இருக்கும். வயசான காலத்தில் தொலைத்துவிடுவார், எங்கே போகப்போகிறார் என்று வாங்கிப் பூட்டி வைத்திருப்பார். முன்பு எனக்கு எடுத்துக் கொடுத்தாயே, அதுபோல அதையும் எடுத்து அவர் கையிலேயே கொடு. என்னைத் திட்ட வேண்டுமானால் கரடியூருக்கு வந்து என் முகத்தைப் பார்த்துத் திட்டச் சொல். களத்தில் முதல் வரிசையில் அவருக்கு நாற்காலி போட்டு வைக்கிறேன். குளிருக்குப் போர்வையும், சர்க்கரை போடாத காபியும் வைத்திருப்பேன். எப்போது திரும்பிப் போக வேண்டும் என்று தோன்றுகிறதோ அப்போது போகலாம், இந்த ஊட்டில் யாரும் தடுக்க மாட்டார்கள் என்று சொல்.

சேர்வராயன் சாமி உனக்குத் துணை இருப்பார். அந்தக் காலத்தில் நீ என்னிடம் சொன்னதையே இப்போது நான் உனக்குச் சொல்கிறேன்: கையை ஆட்டாதே.

உன் வருகைக்குக் களம் கூட்டி வைத்திருக்கும்,
மாதம்மாள்